யாருமற்ற நிலமும் புறம்போக்கும்

இந்தப் பருவத்தில் இளங்கலை மாணவர்களுக்குக் கி. ராஜநாராயணனின் 'கிடை' குறுநாவலை நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு புஞ்சையில் ஆடுகள் இறங்கி வெள்ளாமையை அழித்துவிடுகின்றன. யாருடைய கவனக்குறைவு என்று ஊர் விசாரிக்கிறது. கதையின் மையம் வேறு என்றாலும், ஊராரின் ஆடுகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஊரைச் சுற்றி மேயும் ஓர் உலகத்தை முதலில் மனத்தில் கண்டால்தான் கதைக்குள் நுழைய முடியும். மாணவி ஒருத்தி எழுந்து, "இத்தனை ஆடும் எங்கே மேயும் ஐயா? அவ்வளவு நிலம் யாருக்கு இருந்தது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. "பாதி நாள் அறுவடை முடிந்த புஞ்சைகளில், மீதி நாள் புறம்போக்கில்" என்றேன். வகுப்பு சிரித்தது.

அந்தச் சிரிப்பு எனக்குச் சில நொடிகள் பிடிபடவில்லை. பிறகுதான் புரிந்தது. அவர்களுக்கு அது நிலத்தின் பெயர் அல்ல, வசைச்சொல். உதவாக்கரை, பொறுப்பற்றவன், கேட்க நாதியற்றவன் என்பதெல்லாம் அதன் பொருள். ஆசிரியர் வகுப்பில் கெட்ட வார்த்தை பேசிவிட்டார் என்பதுபோலச் சிரித்தார்கள். அவர்களில் பலர் கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் இடைப்பட்ட கரிசல் ஊர்களிலிருந்து வருகிறவர்கள். அவர்களுடைய தாத்தாக்கள் புறம்போக்கில் ஆடு பற்றியவர்கள், களம் வைத்துக் கதிரடித்தவர்கள், அங்கேயே எரிந்தவர்கள்.

அன்று மாலை பேருந்தில் திரும்பும்போது லத்தீன் தொடர் ஒன்று நினைவுக்கு வந்தது: 'டெர்ரா நுல்லியஸ்'. 'டெர்ரா' என்றால் நிலம். 'நுல்லியஸ்' என்பது ஆறாம் வேற்றுமை வடிவம், 'எவருடையதும் அன்று' எனப் பொருள்படும். சேர்த்துச் சொன்னால் யாருக்கும் உரியதல்லாத நிலம். அந்தத் தொடர் பொருள் மாறி வந்த வழியையும் நம் புறம்போக்கு பொருள் மாறி வந்த வழியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கத் தோன்றியது. அதன் விளைவே இக்கட்டுரை.

பழைமையான ரோமானியச் சட்டக் கோட்பாடு என்றுதான் பலரும் டெர்ரா நுல்லியஸைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறோம். லத்தீனில் இருப்பதாலேயே ஒரு தொடருக்குத் தொன்மையின் மரியாதை கிடைத்துவிடுகிறது, நம்மிடையே சமஸ்கிருதச் சொற்றொடர்களுக்குக் கிடைப்பதுபோல. உண்மையில் ரோமானியச் சட்டத்தில் நிலைபெற்றிருந்தது 'ரெஸ் நுல்லியஸ்', அதாவது உடையவரற்ற பொருள். காட்டு விலங்கு, பறவை, மீன் போன்றவை அதற்கு எடுத்துக்காட்டுகள். அவற்றை முதலில் பிடிப்பவருக்கே அவை சொந்தம். கி.பி. 533இல் ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் இது தெளிவாகவே இருக்கிறது. வலையில் விழுந்த மீன் வலைக்காரனுக்கு என்னும் எளிய நியாயம். மக்கள் வாழும் ஒரு நாட்டை மீனைப்போலப் பிடித்துக்கொள்ளலாம் என்பது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்துப் பிறந்த எண்ணம்.

ஐரோப்பியர் கடல் கடந்து பிற நாடுகளில் இறங்கத் தொடங்கிய பிறகு, பிடித்ததை நியாயப்படுத்தும் வேலை சட்ட அறிஞர்களுக்கு வந்து சேர்ந்தது. உழைப்பைக் கலந்தால் நிலம் சொத்தாகிறது என்றார் ஜான் லாக். 1758இல் நாடுகளின் சட்டம் பற்றி நூலெழுதிய சுவிட்சர்லாந்து அறிஞர் வாட்டெல் இன்னும் ஒரு படி மேலே சென்றார். வேட்டையாடியும் மந்தை மேய்த்தும் வாழும் மக்கள் தமக்குத் தேவையானதைவிட மிகுதியான நிலத்தைப் பிடித்துவைத்திருக்கிறார்கள். உழுது வாழும் நாட்டார் வந்து அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டால் அவர்கள் முறையிட நியாயமில்லை என்பது அவர் வாதம். மந்தை மேய்ப்பவருக்கு நிலத்தில் உரிமையில்லை என்னும் இந்தத் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கரிசலுக்குத் திரும்பும்போது தேவைப்படும்.

ஆஸ்திரேலியாவில் இது நடைமுறைக்கு வந்தது. 1770இல் ஜேம்ஸ் குக் அதன் கிழக்குக் கரையை அரசர் பெயரில் எடுத்துக்கொண்டார். 1788இல் குடியேற்றம் தொடங்கியது. பல பத்தாயிரம் ஆண்டுகளாக அங்கே வாழ்ந்துவந்த மக்களோடு ஒப்பந்தம் ஏதும் செய்துகொள்ளப்படவில்லை. 1835இல் ஜான் பேட்மன் என்பவர், இன்றைய மெல்பர்ன் நகரம் இருக்கும் பகுதியில், அம்மண்ணின் மக்களோடு தானாகவே ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டபோது, ஆளுநர் பர்க் அது செல்லாதென்று அறிவிப்பு வெளியிட்டார். அரசின் அனுமதியின்றிக் காலி நிலத்தில் இருப்பவர்கள் அத்துமீறியவர்களாகக் கருதப்படுவர் என்றது அறிவிப்பு. மண்ணின் மக்களுக்கு விற்கவோ கொடுக்கவோ நிலமில்லை, ஏனெனில் அது அரசின் 'காலி' நிலம். 1889இல் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், குடியேற்றக் காலத்தில் அந்நாடு நடைமுறையில் ஆளற்றதாகவே இருந்தது என்று ஒரு வழக்கில் எழுதிவிட்டது.

கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இத்தனையும் நடந்தபோது 'டெர்ரா நுல்லியஸ்' என்ற தொடரை யாரும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. செயல் முதலில் நடந்தது, பெயர் பின்னால் வந்தது. 1884–85இல் பெர்லின் மாநாட்டில் ஐரோப்பிய வல்லரசுகள் ஆப்பிரிக்காவைப் பங்கிட்டுக்கொண்ட காலத்தையொட்டியே இத்தகைய தொடர்கள் சட்ட நூல்களில் பெருகின. பனி மூடிய ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகள் யாருக்கு என்ற விவாதத்தில் டெர்ரா நுல்லியஸ் நன்றாகவே புழங்கியது. 1920ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் அத்தீவுகள் நார்வேயின் ஆளுகைக்குள் வந்தன. நிலையான குடிகளே இல்லாத அந்தத் துருவத் தீவுகளுக்கு அத்தொடர் ஓரளவு பொருந்தியது என்றே சொல்லலாம்.

பிறகு அந்தத் தொடரின் திசை மாறியது. மேற்குச் சகாரா தொடர்பாக 16 அக்டோபர் 1975இல் பன்னாட்டு நீதிமன்றம் தன் கருத்துரையை வழங்கியது. சமூக, அரசியல் அமைப்புடைய குலங்கள் வாழ்ந்த நிலம் யாருமற்ற நிலம் ஆகாது என்றது. அக்குலங்கள் நாடோடிகள், ஒட்டகம் மேய்ப்பவர்கள். வாட்டெலின் வாதத்துக்கு இருநூறு ஆண்டுகள் கழித்து வந்த மறுமொழி இது என்று எனக்குப் படுகிறது. ஆஸ்திரேலியாவில் ஹென்றி ரெனால்ட்ஸ் போன்ற வரலாற்றாசிரியர்கள் 1980களில் இத்தொடரைத் தம் நாட்டின் கடந்த காலத்துக்குப் பெயராக்கினார்கள். முரே தீவின் எடி மாபோவும் அவருடைய தோழர்களும் 1982இல் தொடுத்த வழக்கில், 3 ஜூன் 1992இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் மண்ணின் மக்களின் நிலவுரிமையை ஏற்றது. தீர்ப்பைக் கேட்க மாபோ உயிரோடில்லை. அவ்வாண்டு ஜனவரியிலேயே இறந்துவிட்டார்.

அப்படியானால், பிடித்துக்கொள்வதற்கான நியாயமாகத் தொடங்கிய ஒரு தொடர், பிடித்துக்கொண்டவர் மீதான குற்றச்சாட்டாக முடிந்திருக்கிறது. ஆஸ்திரேலியரில் சிலர், அன்றைய ஆவணங்களில் இல்லாத சொல்லை அன்றைய மனிதர்மேல் ஏற்றுவது வரலாற்றுப் பிழை என்று வாதிடுகிறார்கள். சொல் அளவில் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் பெயரில்லாமல் நடந்த ஒன்றுக்குப் பின்னாளில் பெயர் கிடைப்பது பிழையாகாது. பெயர் கிடைத்த பிறகுதான் அதைப் பற்றிப் பேசவே முடிகிறது.

*

நம் மரபில் இப்படியொரு கருத்து இருந்ததா என்று யோசித்தேன். அருகில் வரக்கூடியது பாலை. ஆனால் அங்கே நிலைமை தலைகீழ். தொல்காப்பியர் நிலங்களைப் பகுக்கும்போது பாலைக்கு நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் வளமிழக்கும்போது கொள்ளும் கோலமே பாலை என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. ஆகவே பாலை நிலமற்ற திணை. ஆனால் மக்களற்ற திணை அல்ல. அதற்கு எயினர் உண்டு, மறவர் உண்டு, கொற்றவை உண்டு, பருந்தும் கள்ளியும் இருப்பையும் உண்டு. தமிழ்ப் பொருளிலக்கணத்தில் கருப்பொருள் இல்லாத வெற்றிடத்துக்கு இடமே இல்லை. வறண்டது என்பதற்கும் ஆளற்றது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் புலவர்கள் அறிந்திருந்தார்கள்.

கரிசலுக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இந்த வேறுபாட்டைத்தான் தவறவிடுகிறார்கள். சித்திரை, வைகாசியில் இடைசெவல் வழியாகத் திருநெல்வேலிக்குப் போகிறவர் சாலையின் இருபுறமும் காண்பது கறுத்து வெடித்துக் கிடக்கும் வெட்டவெளி. ஒரு மரம் தேடவேண்டும். பாழ்நிலம் என்று முடிவு கட்டிவிடுவார். வடகிழக்குப் பருவமழை இறங்கியபின் அவரே வந்து பார்த்தால் உளுந்தும் பாசியும் பருத்தியும் மக்காச்சோளமும் அடிவானம் வரை நிற்கும். மானாவாரி நிலம் ஆண்டில் பாதி நாள் சும்மா கிடப்பதுபோலத் தெரிவதே அதன் வேளாண்மை முறை. அந்தச் 'சும்மா' கிடக்கும் காலத்தில்தான் கிடைகள் வரும். தட்டை மேயும், புழுக்கை விழும், மண் உரம்பெறும். பட்டா யார் பெயரிலிருந்தாலும் அறுவடைக்குப் பின் ஆடு இறங்கலாம் என்பது எழுதப்படாத வழக்கம். ஆட்டுக்காரருக்கு அந்த நிலத்தில் இருந்தது உரிமைதான். எந்தப் பதிவேட்டிலும் ஏறாத உரிமை.

இனிப் புறம்போக்குக்கு வருகிறேன். புறம், போக்கு என்று பிரித்தால் கணக்குக்குப் புறத்தே போனது என்று பொருள் கொள்ளலாம். தீர்வைக் கணக்கிலிருந்து விலக்கப்பட்ட நிலம். இந்த விலக்கல் மிகப் பழையது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் ஊர்களை அளித்த கல்வெட்டுகளில், ஒவ்வோர் ஊரின் மொத்த நில அளவைச் சொன்னபின், அதில் வரி கொள்ளக்கூடாத பகுதிகளைக் கழித்துவிட்டே மீதிக்கு வரி கணக்கிடுகிறார்கள். ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், சேரிகள், சுடுகாடு ஆகியவை அந்தக் கழிவில் வருகின்றன. அரசன் கை வைக்காத நிலம் அது. ஏன் கை வைப்பதில்லை? எல்லோருக்கும் அது தேவைப்படுவதால். புறத்தே நிறுத்தியதே அதற்குப் பாதுகாப்பாக இருந்தது.

ஆங்கிலேயரின் ரயத்துவாரி முறை வந்தபின் இதே நிலங்கள் புதிய பெயர்களோடு கிராமக் கணக்கில் ஏறின. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, புறம்போக்கு. புறம்போக்கிலும் வகைகள்: கண்மாய், ஓடை, வண்டிப்பாதை, மந்தை, களம், மேய்க்கால், தோப்பு, நத்தம், மயானம். இந்தப் பட்டியலைச் சற்று நிறுத்திப் படித்துப் பாருங்கள். ஒரு கரிசல் ஊரின் முழு வாழ்க்கையும் அதில் இருக்கிறது. பட்டா நிலத்தில் விளைவதைத் தவிர மற்றெல்லாம் புறம்போக்கில்தான் நடக்கிறது. அதை எழுதிவைத்த கர்ணம் அந்த அளவில் உண்மையாகவே எழுதியிருக்கிறார்.

மாற்றம் வேறிடத்தில் நிகழ்ந்தது. 1905ஆம் ஆண்டின் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம், தனியாருக்கும் ஜமீன்தார் முதலியோருக்கும் உரியவை தவிர, சாலை, தெரு, ஆறு, ஓடை, ஏரி, மற்றுள்ள நிலங்கள் அனைத்தும் அரசின் சொத்து என்று அறிவித்தது. அதுவரை வரிக்குப் புறம்பானதாக இருந்த நிலம் அரசுக்கு அகமானதாகிவிட்டது. அதில் இருப்பவர் ஆக்கிரமிப்பாளர். அவருக்கு 'பி மெமோ' வரும், தண்டத் தீர்வை வரும். 1835இல் பர்க் வெளியிட்ட அறிவிப்பின் தர்க்கமும் இச்சட்டத்தின் தர்க்கமும் எனக்கு வேறுவேறாகத் தெரியவில்லை. யாருடையது என்று காட்டத் தாள் இல்லையென்றால் அது அரசுடையது. 'ஊருடையது' என்று எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

ஊருடையது என்ற எண்ணம் தேயத் தேய, யாருடையதும் இல்லை என்ற எண்ணம் வளர்ந்தது. யாருடையதும் இல்லையென்றால் குப்பை கொட்டலாம், மண் அள்ளலாம், வேலி போட்டு வளைத்துக்கொள்ளலாம். கேட்பாரற்ற நிலம் என்ற பொருளிலிருந்து கேட்பாரற்ற மனிதன் என்ற பொருளுக்குச் சொல் தாவியது. இன்று அது வசை. நிலத்துக்கு வந்த அவமதிப்பே மனிதருக்கும் வந்து சேர்ந்தது.

பதிவேட்டின் வலிமைக்குக் கரிசலிலேயே இன்னொரு சான்று உண்டு. 1801இல் பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் முறை வீழ்ந்தபின் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டு, அந்த இடம் உழப்பட்டு, ஆமணக்கு விதைக்கப்பட்டது என்று சொல்லப்படுகிறது. ஊரின் பெயரையே கணக்குகளிலிருந்து நீக்கவும் ஆணையிட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்து, போரிட்டு, மடிந்த இடத்தை ஒரு புஞ்சையாகவும் ஒரு வெற்றுக் கட்டமாகவும் மாற்றுவது எவ்வளவு எளிது பாருங்கள். 1974இல் தமிழக அரசு அங்கே நினைவுக் கோட்டை எழுப்பியது. பெயர் மட்டும் அதற்கு முன்பே திரும்பிவிட்டது. மக்கள் அதைத் தங்கள் கதைப்பாடல்களில் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

*

இதையெல்லாம் சொல்லிவிட்டு, வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான், அதற்குமுன் எல்லாம் பொதுவாக இருந்தது என்று முடித்துவிட்டால் அது நேர்மையாகாது.

'கோபல்ல கிராமம்' 1976இல் வெளிவந்தது. தெற்கு நோக்கி ஓடிவந்த தெலுங்கு பேசும் மக்கள், அடர்ந்த காட்டுக்குத் தீயிட்டு நிலம் திருத்தி ஊரமைத்ததை அந்நாவல் விரிவாகச் சொல்கிறது. தமிழின் தலைசிறந்த நாவல்களில் ஒன்றாக நான் கருதுவது. அந்த எரியும் காட்டின் பகுதியை இருபது ஆண்டுகளாக மாணவர்களுக்கு உழைப்பின் காவியமாகவே விளக்கி வந்திருக்கிறேன். இப்போது படிக்கும்போது ஒரு கேள்வி குறுக்கே வருகிறது. அந்தக் காடு யாருமற்ற காடா? அதில் திரிந்த உயிர்கள், அதில் தேனும் கிழங்கும் எடுத்தவர்கள் எவராவது இருந்திருந்தால், அவர்களுக்கு ஒரு நாவல் உண்டா? கி.ரா.வைக் குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அடைக்கலம் தேடி வந்தவர்களின் கதையை அவர் சொன்னார், அடைக்கலம் தேடி வந்தவர்கள் கப்பற்படையோடு வந்தவர்களும் அல்லர். ஆயினும் குடியேறுகிற ஒவ்வொரு கூட்டத்தின் கதையும் ஒரு வெற்றிடத்தில்தான் தொடங்குகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். வெற்றிடமாக அது இருந்ததா, வெற்றிடமாகச் சொல்லப்பட்டதா என்று கேட்பது வாசகரின் கடமை.

அதேபோல, புறம்போக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பொதுவாக இருக்கவில்லை. ராஜராஜன் கல்வெட்டின் அந்தக் கழிவுப் பட்டியலிலேயே சேரி தனியாக இருக்கிறது. சுடுகாடும் தனித்தனியாகவே இருந்திருக்கிறது, பல ஊர்களில் இன்றும் இருக்கிறது. ஊர்ப்பொதுக் கண்மாயிலும் ஊர்க் கிணற்றிலும் இறங்க முடியாதவர்களுக்கு 'ஊருடையது' என்ற சொல் ஆறுதலளிக்காது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலங்களை ஒதுக்க அரசு முன்வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் அறிந்தது அதுவே. பாழ் என்று எழுதப்பட்ட நிலம்தான் நிலமற்றவர்களுக்கு முதன்முதலில் பட்டாவாகக் கிடைத்தது. பின்னர் அதில் பெரும்பகுதி எப்படிக் கைமாறியது என்பது எல்லோரும் அறிந்த கதை. ஆகவே பதிவேட்டை நான் பகைக்கவில்லை. எளியவர்களுக்கும் அது சில வேளைகளில் கதவு திறந்திருக்கிறது. தீர்வை பாக்கிக்காக வீட்டுக் கதவையே கழற்றிக்கொண்டு போனதும் அதே பதிவேடுதான் என்பதைக் கி.ரா.வின் 'கதவு' கதையைப் படித்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

*

இன்றைய நிலைமை என்ன? 1985இல் நடுவண் அரசு தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியத்தை அமைத்தது. 2000ஆம் ஆண்டு முதல் செயற்கைக்கோள் படங்களின் துணையோடு நாட்டின் தரிசுநில வரைபடத் தொகுப்புகள் வெளிவருகின்றன. புதர்க்காடு, புல்வெளி, உவர்நிலம் எல்லாம் அவற்றில் தரிசின் வகைகள். வானத்திலிருந்து எடுத்த படத்தில் பசுமை தெரியும், வறட்சி தெரியும். கிடை தெரியாது. அந்த ஓடைக்கரையில் எந்த மாதத்தில் யார் கருவை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள் என்பது தெரியாது.

தரிசு என்று பெயர் வந்தபின் அதற்கொரு 'பயன்' கண்டுபிடித்தாக வேண்டும். ஒரு காலத்தில் காட்டாமணக்கு என்றார்கள். 2006இல் நிலமற்றோருக்கு இரண்டு ஏக்கர் என்றார்கள். அதன் நோக்கத்தை நான் மதிக்கிறேன். இப்போது சூரிய மின்சாரம். கயத்தாறு வட்டாரத்தில் காற்றாலைகள் நெடுங்காலமாகச் சுழல்கின்றன. கிழக்கே கமுதிப் பக்கம் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் எழுந்தது. நிலக்கரிப் புகையைவிட வெயிலில் எடுத்த மின்சாரம் நல்லது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. என் வீட்டு விளக்கும் அதில் எரியலாம். என் மறுப்பு மின்சாரத்துக்கு அல்ல. அதற்கு முன்னால் உச்சரிக்கப்படும் 'சும்மா கிடக்கிற நிலம்தானே' என்ற வாக்கியத்துக்கு.

மானாவாரி நிலம் விற்பவருக்கு விலை கிடைக்கிறது, அது அவருடைய உரிமை. அதே நிலத்தில் அறுவடைக்குப் பின் ஆடு இறக்கியவருக்கு எதுவும் கிடைப்பதில்லை, ஏனெனில் அவர் எந்தத் தாளிலும் இல்லை. வேலி விழுந்தபின் இரண்டு புஞ்சைகளுக்கு நடுவே ஓடிய வண்டிப்பாதையும் ஓடையும் வரைபடத்தில் கோடுகளாக மட்டும் எஞ்சுகின்றன. சென்ற மாசியில் இடைசெவலுக்கு மேற்கே கிடை போட்டிருந்த பெரியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். "இந்தக் காடெல்லாம் சும்மாதானே கிடக்குது" என்று வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தேன். "சும்மாதான் கெடக்கு தம்பி. ஆனா எந்த மழைக்கு எங்க என்ன மொளைக்கும்னு எங்க ஆட்டுக்குத் தெரியும்" என்றார். சிறிது நேரம் கழித்து, "முன்னெல்லாம் இங்கயிருந்து பொழுது சாயுறதுக்குள்ள கம்மாய்க்குப் போயிருவோம். இப்ப சுத்திப் போகணும்" என்றார். அவர் குறை கூறவில்லை, வழி சொன்னார்.

இதற்கு மாற்றுக் கருத்து உண்டென்பதை அறிவேன். மேய்க்கால் புறம்போக்கெல்லாம் சீமைக் கருவேலம் மண்டிக் கெட்டுப்போய்விட்டது. வசதி படைத்தவர்கள் வளைத்துக்கொண்டார்கள். ஊர்ப்பொது என்று ஒன்று இனியில்லை. நிறுவனத்துக்குக் கொடுத்தால் வரியாவது வரும் என்பார்கள். பாதி உண்மை. ஆனால் அது எப்படிக் கெட்டது என்ற கேள்வியைத் தாண்டிச் செல்கிற உண்மை. ஊரின் கையிலிருந்து எடுத்து, யாருடையதும் அல்ல என்று அறிவித்து, காவலற்று விட்டுவிட்டு, பிறகு காவலற்றுக் கிடக்கிறதே என்று வருந்துவது முறையல்ல. 28 ஜனவரி 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊர்ப்பொது நிலங்களிலிருந்து ஆக்கிரமிப்புகளை அகற்றி, அவற்றை ஊராரின் பொதுப் பயன்பாட்டுக்கே மீட்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. பொது என்பதை இந்த நாட்டின் சட்டமும் இன்னும் முற்றாக மறந்துவிடவில்லை.

செய்யக்கூடியது ஒன்றுண்டு. கிராம சபையில் ஊரின் புறம்போக்குப் பட்டியலை அ-பதிவேட்டிலிருந்து எடுத்து உரக்கப் படிக்கச் சொல்லலாம். எது மேய்க்கால், எது களம், எது ஓடை, இன்று அங்கே என்ன இருக்கிறது, யார் அதை எப்போது பயன்படுத்துகிறார்கள் என்று தீர்மானமாக எழுதி வைக்கலாம். எந்த நிலத்தையும் வேறு பயனுக்கு மாற்றும் முன், பட்டாதாரரை மட்டுமல்லாமல் அதில் பருவத்துக்கு வந்துபோகிறவர்களையும் கேட்கலாம். பெரிய புரட்சி எதுவும் இல்லை. எகிப்துக்கும் சூடானுக்கும் நடுவே பீர் தவீல் என்றோர் இடம் இருக்கிறது. எல்லைக் கோட்டுக் குழப்பத்தால் இரு நாடுகளும் அதை உரிமை கோருவதில்லை. உலகத்தின் கடைசி டெர்ரா நுல்லியஸ் என்று அதைச் சொல்கிறார்கள். வெளிநாட்டவர் சிலர் அங்கே போய்க் கொடி நட்டுத் தம்மை அரசர் என்று அறிவித்துக்கொண்டதும் உண்டு. அந்த இடத்திலும் அபாப்தா, பிஷாரி நாடோடிகள் தலைமுறைகளாக மந்தையோடு வந்துபோகிறார்கள். கொடி நட்டவர்கள் அவர்களைக் கேட்கவில்லை.

சொற்களை மீட்பதும் நம் வேலைதான். 2015இல் வந்த எஸ்.பி. ஜனநாதனின் திரைப்படம் 'புறம்போக்கு என்கிற பொதுவுடைமை' என்று தலைப்பிட்டுக்கொண்டது. 2017இல் டி.எம். கிருஷ்ணா, கபேர் வாசுகி எழுதிய 'சென்னை புறம்போக்குப் பாட'லை எண்ணூர்க் கழிமுகத்துக்காகப் பாடினார். கர்நாடக இசையின் ராகங்களுக்குள் அந்தச் சொல் நுழைந்தபோது முகம் சுளித்தவர்களும் உண்டு. லத்தீன் தொடர் ஒன்று நீதிமன்றத்தில் பொருள் மாறியதுபோல, இந்தச் சொல்லும் பாட்டிலும் படத்திலும் வகுப்பறையிலும் பொருள் மாற முடியும். கரிசல் வழக்குச் சொற்களுக்கு 1982இல் தனி அகராதியே தொகுத்துக் கொடுத்த மனிதரின் ஊர்ப்பக்கத்தில் அது தொடங்குவது பொருத்தமாகவும் இருக்கும்.

அடுத்த வகுப்பில் நான் கரும்பலகையில் அந்தப் பட்டியலை எழுதினேன்: கண்மாய், ஓடை, வண்டிப்பாதை, மந்தை, களம், மேய்க்கால், தோப்பு, நத்தம், மயானம். உங்கள் ஊரில் இவை எங்கே இருக்கின்றன, இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன். முப்பத்தொரு பேர் எழுதிக்கொண்டு வந்தார்கள். முதல் நாள் அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவி தன் ஊரில் மேய்க்கால் என்று எதுவும் இல்லை என்று தொடங்கி, அது எங்கே இருந்தது என்று ஆச்சி கைகாட்டிய இடத்தை மட்டும் அரைப் பக்கம் எழுதியிருந்தாள். இந்த முறை அந்தச் சொல்லைப் படித்தபோது யாரும் சிரிக்கவில்லை.